தோற்காத அணியைத் தோற்கடித்த அறை

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கிரேப்வைன் என்ற ஊரில் ஒரு சொகுசு விடுதி. அங்கே கூடிய 13 பேர் கொண்ட குழு, கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பாலின் இறுதிச் சுற்றுக்கு 4 அணிகளைத் தேர்ந்தெடுத்தது. மிச்சிகன், வாஷிங்டன், டெக்சாஸ், அலபாமா. ஐந்தாம் இடத்தில் நின்றது ஃபுளோரிடா ஸ்டேட். அந்தப் பருவத்தில் அது ஆடியது 13 ஆட்டம், வென்றதும் 13. தன்னுடைய ஏசிசி சம்மேளனத்தின் சாம்பியனும் அதுதான். உள்ளே போன டெக்சாஸும் அலபாமாவும் ஆளுக்கொரு ஆட்டம் தோற்றவை.

பெரிய சம்மேளனம் ஒன்றின் சாம்பியன், ஒரு ஆட்டமும் தோற்காமல், இந்தச் சுற்றிலிருந்து வெளியே நிறுத்தப்பட்டது அதுவே முதல் முறை. குழு சொன்ன காரணம் என்ன? அணியின் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸின் கால் முறிந்துவிட்டது, அவர் இல்லாத அணி பழைய அணி அல்ல.

அமெரிக்க விளையாட்டுச் சண்டை நமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். 'தகுதி' என்ற சொல் காதில் விழுந்ததும், அதை அளந்தது யார், எந்தக் கோலால் அளந்தார்கள் என்று கேட்கப் பழகியவர்கள் நாம். அந்தக் கேள்வியை அப்படியே எடுத்துப்போய்க் கேட்க வேண்டிய இடம் இது.

முதலில் இந்த ஆட்டத்தைப் பற்றி. நாம் கால்பந்து என்று சொல்வது இது அல்ல. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி, தலைக்கவசம் அணிந்து, உடலோடு உடல் மோதி ஆடும் ஆட்டம். மேல்தட்டில் 130-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஆடுகின்றன. ஆளுக்கு 12 அல்லது 13 ஆட்டம்தான், எல்லோரும் எல்லோரோடும் மோத முடியாது. ஆகவே யார் சிறந்தவர் என்பதை யாராவது தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. நெடுங்காலம் பத்திரிகையாளர்களும் பயிற்சியாளர்களும் வாக்களித்துத் தீர்மானித்தார்கள். 1998 முதல் வாக்கோடு கணினிக் கணக்கும் சேர்ந்தது. 2014 பருவத்திலிருந்து இந்தத் தேர்வுக்குழு. மற்ற கல்லூரி விளையாட்டுகளின் தேசியப் போட்டிகளை என்சிஏஏ என்ற பொது அமைப்பு நடத்துகிறது. மேல்தட்டு ஃபுட்பாலின் இறுதிச் சுற்றை மட்டும் சம்மேளனங்களே சொந்தமாக வைத்திருக்கின்றன. குழுவில் பதவியில் இருக்கும் கல்லூரி விளையாட்டு இயக்குநர்கள், முன்னாள் பயிற்சியாளர்கள், முன்னாள் வீரர்கள் இருப்பார்கள். தன் கல்லூரி பற்றிய பேச்சு வந்தால் உறுப்பினர் எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்பது விதி. யார் எந்த அணிக்கு வாக்களித்தார் என்பது வெளியே வராது.

இனி அந்தக் கால் முறிவுக் காரணத்தைப் பார்ப்போம். முக்கிய வீரர் இல்லாமல் போவதைக் கணக்கில் எடுக்கலாம் என்று குழுவின் விதிமுறையிலேயே ஒரு வரி இருக்கிறது. எனவே விதியை மீறினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வரி யாருக்கு எப்போது பாய்கிறது என்பதே என் கேள்வி. 2014இல் ஒஹையோ ஸ்டேட் அணியில் பருவம் தொடங்கும் முன்பே முதல் குவார்ட்டர்பேக் காயமடைந்தார். பருவத்தின் கடைசி வாரங்களில் இரண்டாமவரும் காயமடைந்தார். மூன்றாமவரான கார்டேல் ஜோன்ஸை வைத்து விஸ்கான்சினை 59-0 என்று வென்றது. குழு அந்த அணியை நான்காவதாக உள்ளே எடுத்தது. அதற்கு இடம் கொடுப்பதற்காக, அந்த வாரம் 55-3 என்று வென்ற டிசியு அணி மூன்றிலிருந்து ஆறுக்கு இறக்கப்பட்டது. ஒஹையோ ஸ்டேட் அந்த ஆண்டுக் கோப்பையையே வென்றது.

ஃபுளோரிடா ஸ்டேட்டும் மூன்றாவது குவார்ட்டர்பேக்கை வைத்துத்தான், லூயிவில் அணியை 16-6 என்று வென்று சாம்பியன் ஆனது. முதலாவது பெரிய வெற்றி, இரண்டாவது சிறிய வெற்றி என்று வாதிடலாம். ஆனால் ஆட்ட விதியில் இரண்டும் வெற்றிதான். முன்னதில் மாற்று வீரரை ஆடவிட்டு முடிவைக் களத்துக்கு விட்டார்கள். பின்னதில் ஆடாத ஆட்டத்தின் முடிவை அறைக்குள்ளேயே எழுதிவிட்டார்கள்.

பிறகு நடந்ததைக் காட்டி, குழு சொன்னதே சரி என்பவர்கள் உண்டு. ஆரஞ்ச் பௌல் ஆட்டத்தில் ஜார்ஜியா 63-3 என்று ஃபுளோரிடா ஸ்டேட்டை நசுக்கியது உண்மை. ஆனால் கோப்பைக்கான வழி அடைக்கப்பட்ட பிறகு, அந்த அணியின் முன்னணி வீரர்கள் பலர் அந்த ஆட்டத்தில் இறங்கவே இல்லை. கதவைச் சாத்திவிட்டு, உள்ளே வந்திருந்தாலும் தோற்றிருப்பாய் என்று சொல்வது எந்த நியாயம்?

அந்த முடிவு வெளியானதும், தன் கால் பருவத்தின் தொடக்கத்திலேயே முறிந்திருக்கலாம், அப்போது இந்த அணி ஒரு குவார்ட்டர்பேக்கை மட்டும் நம்பியது அல்ல என்று எல்லோரும் பார்த்திருப்பார்கள் என்ற பொருளில் டிராவிஸ் எழுதினார். தன் உடல் உடைந்ததற்காகத் தோழர்களிடம் மன்னிப்புக் கேட்கும் நிலைக்கு ஒரு இளைஞரைத் தள்ளிய ஏற்பாடு இது. 2024இல் நியூயார்க் ஜெட்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்தது. அந்தக் கால் ஆறவில்லை. 2025 ஏப்ரலில் அவர் ஆட்டத்திலிருந்தே ஓய்வு பெற்றார்.

அவர் காயமடைந்த அதே 2023 நவம்பரில், டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை நீக்கியது. ஒப்பந்தப்படி அவருக்குத் தரவேண்டியிருந்த தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல். வேலையை விட்டுப் போவதற்கு அந்தத் தொகை. களத்தில் மோதும் வீரர்களுக்கு அன்று கல்லூரியிலிருந்து சம்பளமே கிடையாது. 2021 முதல் விளம்பர வருமானம் மட்டும் அனுமதிக்கப்பட்டிருந்தது. நீதிமன்றத்தில் நடந்த நீண்ட வழக்கின் உடன்பாட்டுக்குப் பிறகு, 2025 ஜூலையிலிருந்துதான் கல்லூரிகள் நேரடியாகப் பணம் தர முடிகிறது. இந்த மேல்தட்டு ஆட்டத்தின் வீரர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கறுப்பின இளைஞர்கள். பயிற்சியாளர்களிலும் விளையாட்டு இயக்குநர்களிலும் பெரும்பான்மை வெள்ளையர். உடல் யாருடையது, முடிவு யாருடையது என்று தனியே விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பட்டியல் சண்டைக்கு ஒரு பழைய கதை உண்டு. 1966இல் நோட்டர் டேமும் மிச்சிகன் ஸ்டேட்டும் மோதி 10-10 என்று சமனில் முடித்தன. வாக்கெடுப்பில் அவை முதலிரண்டு இடங்களைப் பிடித்தன. ஒரு ஆட்டமும் தோற்காத, சமனும் செய்யாத அலபாமாவுக்கு மூன்றாம் இடம். அலபாமா ரசிகர்கள் அதை இன்றும் அநீதி என்கிறார்கள். களக் கணக்கை மட்டும் பார்த்தால் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆனால் அன்றைய அலபாமா அணி முழுக்க வெள்ளையர் அணி. 1971இல்தான் அந்த அணியில் ஒரு கறுப்பின வீரர் களமிறங்கினார். தென்மாநிலங்களின் வெள்ளைக் கல்லூரிகள் சேர்த்துக்கொள்ளாத இளைஞர்கள் வடக்கே போனார்கள். டெக்சாஸின் பப்பா ஸ்மித், தென் கரோலினாவின் ஜார்ஜ் வெப்ஸ்டர், வட கரோலினாவின் ஜிம்மி ரே ஆகியோர் மிச்சிகன் ஸ்டேட் அணியில் ஆடியது அப்படித்தான். எங்களுக்கு மூன்றாம் இடமா என்று கொதித்தவர்கள், தங்கள் ஊரிலேயே களத்துக்குள் விடப்படாத இவர்களைப் பற்றிக் கொதிக்கவில்லை. பட்டியலில் வரிசை மாறுவது ஒரு அநீதி என்றால், பட்டியல் போடுவதற்கு முன்பே ஆட்களைக் கழித்துவிடுவது அதைவிடப் பெரிய அநீதி.

ஃபுளோரிடா ஸ்டேட் இருக்கும் டல்லஹாசி நகரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதே ஊரில் ஃபுளோரிடா ஏ அண்ட் எம் என்ற கறுப்பினப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1964 ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற பாப் ஹேய்ஸ், ஜேக் கெய்தரின் பயிற்சியில் ஃபுட்பால் ஆடியது அங்கேதான். அந்த அணிகள் எத்தனை வென்றாலும், தேசிய சாம்பியன் யார் என்ற வெள்ளைக் கல்லூரிகளின் விவாதத்தில் அவற்றின் பெயர் வராது. 1969இல் டாம்பா பல்கலைக்கழகத்தை ஃபுளோரிடா ஏ அண்ட் எம் 34-28 என்று வென்றது. தெற்கில் ஒரு கறுப்பினக் கல்லூரியும் ஒரு வெள்ளைக் கல்லூரியும் மோதிய முதல் ஆட்டம் அது. 1962 வரை ஃபுளோரிடா ஸ்டேட்டில் கறுப்பின மாணவர்களுக்கு இடமே இல்லை. 2023இல் பாதிக்கப்பட்டது அதே ஃபுளோரிடா ஸ்டேட் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

அரசியல்வாதிகளின் கண்ணீரையும் பார்த்துவிடுவோம். ஃபுளோரிடா ஆளுநர் ரான் டிசாண்டிஸ், இந்தத் தேர்வை எதிர்த்து வழக்காட 10 லட்சம் டாலர் ஒதுக்க முன்மொழிந்தார். அதே 2023ஆம் ஆண்டு மே மாதம், அரசுப் பல்கலைக்கழகங்கள் பன்மைத்துவம், சமத்துவம் சார்ந்த திட்டங்களுக்குப் பணம் செலவிடுவதைத் தடுக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டவரும் அவர்தான். அணிக்கு நியாயம் வேண்டும், வகுப்பறைக்கு வேண்டாம் என்பது அவருடைய கணக்கு.

அப்படியானால் இது 13 பேரின் சதியா? இல்லை என்றே நினைக்கிறேன். அந்த ஆண்டின் குழுத் தலைவர் பூ காரிகன், ஏசிசி சம்மேளனத்தைச் சேர்ந்த வட கரோலினா ஸ்டேட் கல்லூரியின் விளையாட்டு இயக்குநர். தன் சம்மேளனச் சாம்பியன் வெளியே நிற்பதை அவரேதான் அறிவித்தார். ஆளைவிட அமைப்பே இங்கே முக்கியம். 2017இல் மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழக அணி ஒரு ஆட்டமும் தோற்கவில்லை. குழு அதற்குக் கொடுத்தது 12ஆம் இடம். சிறிய சம்மேளனம், எதிரிகள் பலமில்லாதவர்கள் என்றார்கள். பிறகு அந்த அணி பீச் பௌலில் ஆபர்னை 34-27 என்று வென்றது. அந்தப் பருவத்தில் ஆபர்ன், இறுதி ஆட்டம் ஆடிய அலபாமா, ஜார்ஜியா இரண்டையுமே ஒருமுறை வென்றிருந்த அணி. எதிரிகள் பலமில்லை என்பது குற்றச்சாட்டு. பலமானவர்களோடு ஆட விடுவதோ அவர்கள் கையில். இந்த வளையத்துக்குள் ஒரு சிறிய அணி எப்படித் தன்னை நிரூபிக்கும்?

வளையத்தைப் பூட்டி வைத்திருப்பது பணம். 2026 முதல் 6 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு சுமார் 130 கோடி டாலர் தர ஈஎஸ்பிஎன் ஒப்பந்தம் போட்டிருக்கிறது. அதில் எஸ்இசி, பிக் டென் என்ற இரண்டு சம்மேளனங்கள் மட்டும் ஏறத்தாழ 58 விழுக்காட்டை எடுத்துக்கொள்கின்றன. எஸ்இசியின் ஆட்டங்களை ஒளிபரப்புவதும், வாராவாரம் தரவரிசையை நிகழ்ச்சியாக அறிவிப்பதும் அதே ஈஎஸ்பிஎன். தொலைக்காட்சி முதலாளி குழுவுக்குத் தொலைபேசியில் உத்தரவிட வேண்டியதே இல்லை. யார் பெரியவர் என்பதை ஆண்டு முழுக்கத் திரையில் பார்த்துப் பழகிய கண்கள்தான் அந்த அறைக்குள்ளும் இருக்கின்றன.

4 அணிகளை 12 ஆக்கினால் சண்டை தீரும் என்றார்கள். 2024இல் ஆக்கினார்கள். 2025 டிசம்பரில் என்ன நடந்தது? ஆகஸ்டில் மயாமி நோட்டர் டேமை 27-24 என்று நேருக்கு நேர் வென்றிருந்தது. இரண்டுமே 10 வெற்றி, 2 தோல்வி. இருந்தும் டிசம்பர் 2 பட்டியலில் நோட்டர் டேம் 10, மயாமி 12. அடுத்த வார இறுதியில் இரண்டு அணிகளும் ஆடவே இல்லை. டிசம்பர் 7 அன்று மயாமி 10, நோட்டர் டேம் 11. மயாமி உள்ளே, நோட்டர் டேம் வெளியே. கடைசியில் வந்த முடிவு சரியானது என்பதே என் கருத்து. நேருக்கு நேர் வென்றவருக்குத்தான் இடம். ஆனால் ஆகஸ்டில் நடந்த ஆட்டம் குழுவின் கண்ணில் பட டிசம்பர் 7 வரை ஆனது ஏன்? அதே நாளில், சம்மேளன இறுதியில் 34-7 என்று தோற்ற பிஒய்யு ஓரிடம் இறங்கியது. 28-7 என்று தோற்ற அலபாமா ஒன்பதிலேயே அசையாமல் நின்றது.

மனிதர்களை விலக்கிவிட்டுக் கணினியிடம் கொடுத்துவிடலாம் என்பவர்களோடும் நான் உடன்படவில்லை. அதையும் பார்த்தாகிவிட்டது. 2003இல் இரண்டு வாக்கெடுப்புகளிலும் முதலிடத்தில் இருந்த யுஎஸ்சியைக் கணினிக் கணக்கு இறுதி ஆட்டத்திலிருந்து வெளியே தள்ளியது. கணக்கில் எதற்கு எவ்வளவு எடை என்று எழுதுவதும் மனிதர்கள்தான்.

என் கோரிக்கைகள் எளியவை. இடங்களில் முடிந்தவரை சம்மேளனச் சாம்பியன்களுக்குக் கொடுங்கள், அதாவது களத்தில் வென்றவர்களுக்கு. இப்போது 12இல் 5 மட்டுமே அப்படி உறுதி செய்யப்பட்டிருக்கிறது. மீதமுள்ளவற்றுக்கான அளவுகோலைப் பருவம் தொடங்கும் முன் எழுதி வெளியிடுங்கள், பருவத்தின் நடுவில் எடையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு உறுப்பினரின் வாக்கையும் பெயரோடு வெளியிடுங்கள். பணத்தில் பங்குள்ள கல்லூரிகளின் இயக்குநர்களை அந்த மேசையிலிருந்து எழுப்புங்கள். அந்த இடங்களில் வீரர்கள் தாங்களே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளை உட்கார வையுங்கள்.

தேர்வு என்று இருந்தால் யாரோ ஒருவர் வெளியே நிற்கத்தான் வேண்டும். 13ஆம் இடத்துக்காரருக்கும் வருத்தம் இருக்கும், அதை எந்த விதியாலும் போக்க முடியாது. ஆனால் எதனால் வெளியே நிற்கிறோம் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். என்ன செய்தால் உள்ளே வரலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 13 ஆட்டத்தையும் வென்ற அந்த இளைஞர்கள், இதற்கு மேல் நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்டார்கள். அந்தக் குழுவிடம் அதற்குப் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தரமுடியாத எந்த ஏற்பாட்டுக்கும் 'தகுதி' என்ற சொல்லை உச்சரிக்கும் உரிமை கிடையாது.