நொய்யலுக்கு வேண்டியது நல்ல மை

வெளிநாட்டுக் கடையில் டிசர்ட் எடுக்கும்போது 'இந்தியாவில் தயாரானது' என்ற சீட்டைப் பார்த்தால் நமக்கு ஒரு சின்னப் பெருமை. பல நேரம் அது திருப்பூர்ச் சரக்குதான். அந்தப் பெருமைக்கு நொய்யல் ஆறு கொடுத்த விலையையும் சேர்த்தே பேசணும்.

பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவு ஒரு சொட்டும் வெளியேறாத நிலை வந்தால்தான் திறக்கலாம் என்றது. அழுக்கான தண்ணீரைச் சுத்தம் செய்ய அன்றிலிருந்து பெரும் பணம் செலவாகிறது. அழுக்கே ஆகாமல் வேலை நடக்காதா?

முழுத்துணிக்குச் சாயமேற்றுவது வேறு விஷயம். ஆனால் துணியில் படம் அச்சிடும் வேலையில் நடக்கும். ரியாக்டிவ் சாயத்தால் பருத்தியில் அச்சிட்டால் ஆவி காட்டி, ஒட்டாத சாயம் போகும்வரை திரும்பத் திரும்ப அலசணும். பிக்மென்ட் மை அப்படியல்ல. நிறமித் துகள் தண்ணீரில் கரையாது. பைண்டர் என்ற பசைதான் அதைத் துணிமேல் பிடித்துவைக்கிறது. அச்சிட்டு, சுமார் 150 டிகிரி சூடு காட்டினால் போதும், அலசல் தேவையில்லை. பருத்தி, பாலியஸ்டர், கலப்புத்துணி எல்லாவற்றிலும் ஒட்டும்.

அப்புறம் ஏன் எல்லாரும் டிஜிட்டல் பிக்மென்டுக்கு மாறவில்லை? பசை கூடினால் தலைமுடியைவிடச் சிறிய நாசில் துளை அடைத்துக்கொள்ளும், துணியும் விறைக்கும். குறைந்தால் துவைப்பிலும் உரசலிலும் நிறம் போகும். துகளை ஒரு மைக்ரானுக்கும் கீழே அரைத்து, மாதக்கணக்கில் அடியில் படியாமல் வைக்கணும். இந்த இழுபறியைத் தீர்ப்பதுதான் மை ஆராய்ச்சி.

நான் மென்பொருள்காரன், வேதியியல் என் துறை அல்ல. ஆனால் எந்த நாசில் எப்போது எவ்வளவு துளி விட வேண்டும், அடைத்ததை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதெல்லாம் எங்கள் ஆட்கள் தினமும் செய்யும் மாதிரியான வேலை. வெளிநாட்டில் அதைக் கற்ற தமிழர்கள், பாலிமர் படித்தவர்கள், ஊர்ப் பட்டறைக்காரர்கள் மூவரும் ஒரே மேசையில் உட்கார்வது முடியாத காரியமா?

ஊரில் மனை வாங்கிப் போடும் பணத்தில் ஒரு பங்கு இப்படியொரு ஆய்வுக்கூடத்துக்குப் போகட்டும். அதுவரை கடையில் அச்சு கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது என்று அந்த டிசர்ட்டை ஒதுக்காமல் இருக்கலாம். ஒருவேளை அது ஆற்றுத் தண்ணீரை மிச்சப்படுத்திய துணியாக இருக்கும்.