சாலைக்குரிய உரிமையைக் கொடுத்தோமா?



சாலையில் அடிபட்டவரின் மையித்து வீட்டு வாசலுக்கு வந்து இறங்கும்போதெல்லாம் நம் ஊர்களில் ஒரு வாக்கியம் தவறாமல் சொல்லப்படுகிறது: "அஜல் முடிந்துவிட்டது, அல்லாஹ்வின் நாட்டம்." வாக்கியத்தில் பிழையில்லை. இத்தா இருக்கும் பெண்ணுக்கும் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கும் அது ஆறுதலான மருந்து. ஆனால் அதே வாக்கியத்தை, "இந்த இடத்தில் ஏன் மீண்டும் மீண்டும் உயிர் போகிறது?" என்று கேட்பவரின் வாயை அடைக்கப் பயன்படுத்துவோர் நம்மில் உண்டு. அதை மார்க்கத்தின் பெயரால் நாம் ஏற்க இயலாது.

பெரம்பலூருக்கு வடக்கே ரஞ்சன்குடிக் கோட்டையைக் கடந்து செல்லாத குடும்பம் இப்பகுதியில் இருக்காது. ஆற்காடு நவாபின்கீழ் இருந்த ஜாகிர்தார் ஒருவர் 17-ஆம் நூற்றாண்டில் எழுப்பியது; 1751-இல் போர் கண்டது. இன்று அங்கே படையெடுப்பு எதுவுமில்லை. சென்னை - திருச்சி தேசிய நெடுஞ்சாலைதான் இரவும் பகலும் இரைந்துகொண்டிருக்கிறது. வாலிகண்டபுரம், வி.களத்தூர், லப்பைக்குடிகாடு மக்கள் திருச்சி விமான நிலையத்திற்கும் சென்னைக்கும் போய்வர இந்தச் சாலையே வழி. அதன் ஓரத்தில் வாழ்வோருக்கோ இது பயணச் சாலை மட்டுமன்று. வயலுக்கும் பள்ளிக்கூடத்திற்கும் பேருந்து நிறுத்தத்திற்கும் நாள்தோறும் குறுக்கே கடக்க வேண்டிய ஆறு.

ஒரு சிறு கணக்கு. நான்குவழிச் சாலையில் ஒரு பக்கத்து இரு தடங்களின் அகலம் சுமார் 7 மீட்டர். முழங்கால் வலியுள்ள ஒரு மூதாட்டி அதைக் கடக்க ஏழு விநாடிகளாவது ஆகும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அந்த ஏழு விநாடிகளில் ஏறத்தாழ 195 மீட்டர் வந்துவிடுகிறது. அவர் காலடி எடுத்து வைத்தபோது தொலைவில் புள்ளியாகத் தெரிந்த வண்டி, அவர் மறுபக்கம் சேர்வதற்குள் அவரருகே நிற்கும். இதில் விதியைப் பற்றிப் பேசுமுன் வேகத்தைப் பற்றிப் பேச வேண்டாமா?

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர் என்பது மத்திய அரசின் கணக்கு. அவர்களில் 17,884 பேர் தமிழகத்தில் இறந்தவர்கள். அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழகமே முதலிடம். தலைக்கவசம் அணியாமல் உயிரிழந்தவர்கள் மட்டும் நாடு முழுவதும் 50,029 பேர். கொள்ளைநோயில் இத்தனை பேர் இறந்திருந்தால் ஊருக்கு ஊர் துஆ மஜ்லிஸ் நடந்திருக்கும்.

விதியைக் காட்டிச் சும்மா இருப்போருக்கு உமர் (ரலி) அவர்களின் வரலாறே பதிலாகும். ஷாம் தேசத்தில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியிருப்பதை வழியிலேயே அறிந்த கலீஃபா, படையுடன் திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) கேட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்ற பொருளில் உமர் (ரலி) விடையளித்தார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபிமொழியை நம் மத்ரஸாக்களில் ஏழு வயதுப் பிள்ளைகூட ஒப்பிக்கிறது. அந்தப் பிள்ளையைப் பெட்ரோல் டேங்கின் மேல் உட்காரவைத்து, தலைக்கவசமின்றி அழைத்துச் செல்கிறார் தந்தை. ஒப்பித்த பாடம் வாசலைத் தாண்டவில்லை.

சாலை என்பது மார்க்கத்திற்கு வெளியே உள்ள விஷயம் என்று எண்ணுவோரும் உண்டு. வழியில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணினார்கள். பாதையோரத்தில் அமர்வோரிடம், பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்று பணித்தார்கள். பிறருக்குத் துன்பம் தராதிருப்பதை அந்த உரிமைகளில் சேர்த்தார்கள். 1993-இல் புருனையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, ஷரீஅத்திற்கு முரணில்லாத போக்குவரத்து விதிகளுக்குக் கட்டுப்படுவது மார்க்கக் கடமையே என்று தீர்மானித்தது. ஆகவே சிவப்பு விளக்கில் நிற்பது போலீஸ்காரருக்குச் செய்யும் மரியாதை மட்டுமன்று.

இன்னொன்றையும் ஓட்டுநர்களாகிய நம் சகோதரர்கள் அறிய வேண்டும். தவறுதலாக ஓர் உயிரைக் கொன்றவருக்கு அந்நிஸா அத்தியாயத்தின் 92-ஆம் வசனம் கஃப்பாராவை விதிக்கிறது. அடிமையை விடுதலை செய்ய வழியில்லாதவர் தொடர்ந்து இரு மாதங்கள் நோன்பு நோற்க வேண்டும். வாரிசுகள் மன்னித்தாலன்றி நஷ்டஈடும் உண்டு. இன்சூரன்ஸ் பணம் கொடுத்துவிட்டது, வழக்கு முடிந்துவிட்டது என்று சொல்பவரின் கஃப்பாரா அத்துடன் முடிந்துவிடுவதில்லை. கைப்பேசியில் பேசிக்கொண்டு வண்டி ஓட்டுபவர் இந்த அறுபது நோன்புகளை நினைத்துப் பார்க்கட்டும்.

நம் சமுதாயத்தின் நடைமுறை எப்படி இருக்கிறது? துபாயிலும் ரியாத்திலும் சீட் பெல்ட் போடாமல் சாவியைத் திருகாதவர், ஸாஹிர் கேமராவுக்கு அஞ்சி வேகத்தைக் குறைத்தவர், விடுமுறையில் ஊர் வந்ததும் தலைக்கவசத்தைப் பரணில் போடுகிறார். அபராதத்திற்கு இருந்த அச்சம் அல்லாஹ்வுக்கு இல்லையா? வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் பத்தாம் வகுப்பு மகனுக்குப் பைக் வாங்கித் தருவதை அன்பு என்கிறோம். ரமளானில் தராவீஹுக்கு மூன்று பேராக அந்தப் பைக்கில் சிறுவர்கள் பறப்பதைக் கண்டும் காணாமல் தொழுகைக்கு நிற்கிறோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி, சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. சட்டம் தந்தையிடம் கேட்கும் இந்தக் கேள்வியை மறுமையிலும் தந்தையிடமே கேட்பார்கள்.

ஜும்ஆவுக்கு வருவோர் சாலையின் பாதியில் வண்டிகளை நிறுத்திவிட்டு முதல் ஸஃப்புக்கு விரைவதையும், கல்யாண ஊர்வலம் போக்குவரத்தை மறிப்பதையும் இதே தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும். மக்காச்சோளம் விளையும் மாவட்டம் இது. களமின்மையால் கதிரைத் தார்ச்சாலையில் காயவைத்து, ஓரத்தில் கல்லையும் அடுக்கும் விவசாயியின் நெருக்கடி நமக்குத் தெரியும். ஆனால் இருட்டில் அந்தக் கல்லில் மோதுபவனின் உயிரும் உயிர்தான். உலர்களம் கேட்டு ஊர் ஒன்றுசேர வேண்டுமே தவிர, சாலையைக் களமாக்கக் கூடாது.

"இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை" என்பது அடுத்த சாக்கு. அரசின் கடமையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஈராக்கில் ஒரு கோவேறு கழுதை இடறி விழுந்தாலும், அதற்குப் பாதையைச் சமப்படுத்தாதது ஏன் என்று தம்மிடம் கேட்கப்படுமோ என அஞ்சியவர் என்று உமர் (ரலி) அவர்களைப் பற்றிச் சொல்கிறோம். ஆள்வோரிடம் நாம் எதிர்பார்ப்பதும் அதுவே. ஆனால் எந்த விளக்கு எரியவில்லை, எந்த இடைவெளியில் பிள்ளைகள் குறுக்கே ஓடுகிறார்கள், அடுத்த திருப்பம் தொலைவில் இருப்பதால் எவ்விடத்தில் வண்டிகள் எதிர்த்திசையில் வருகின்றன என்பதெல்லாம் அலுவலகத்தில் உள்ள பொறியாளருக்குத் தெரியாது. அங்கே குடியிருப்பவருக்குத்தான் தெரியும். அவர் வாய் திறக்காவிட்டால் அந்த அறிவு யாருக்கும் பயன்படாது.

மும்பை - புனே விரைவுச்சாலையில் 2016-இல் 151 பேர் இறந்தனர். சேவ்லைஃப் என்ற தொண்டு நிறுவனமும் காவல்துறையும் சாலைக் கழகமும் கைகோத்து, விபத்து நடந்த இடங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து திருத்தின. அதன்பின் இறப்புகள் கணிசமாகக் குறைந்தன. அந்தச் சாலைக்கும் நம் சாலைக்கும் விதியை எழுதிய இறைவன் ஒருவனே.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியவை அரிதானவை அல்ல.

முதலாவது, கிராம சபை. தமிழகத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள்கள் அது கூடுகிறது. முத்தவல்லியும் கோயில் நிர்வாகியும் பள்ளித் தலைமையாசிரியரும் ஒரே தீர்மானத்துடன் அங்கே போகட்டும். சாலை மதம் பார்த்து அடிப்பதில்லை. அந்தத் தீர்மானம் ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குச் செல்லட்டும். தேசிய நெடுஞ்சாலையில் உள்ள குறைகளை 1033 எண்ணிலும் தெரிவிக்கலாம்.

இரண்டாவது, பள்ளிவாசல் வாசல். வெள்ளிக்கிழமைகளில் வண்டி நிறுத்த இடம் ஒதுக்கி, இரு இளைஞர்களை நிறுத்துவதற்குப் பெரும் செலவில்லை. நிகாஹ் பதிவுக்கு வரும் மாப்பிள்ளையிடம், ஊர்வலம் சாலையை மறிக்காது என்று உறுதி வாங்குவதற்குச் செலவே இல்லை.

மூன்றாவது, அடிபட்டவரைத் தூக்குவது. போலீஸ், கோர்ட் என்று அலைய நேரும் என்ற அச்சத்தில் சுற்றி நின்று படம் பிடிக்கும் கூட்டம் பெருகிவிட்டது. 2016-இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற வழிகாட்டு நெறிகளும், 2019-இல் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவும் உதவி செய்பவரைக் காக்கின்றன. அவர் தம் பெயரைச் சொல்லும்படிகூடக் கட்டாயப்படுத்த முடியாது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, குறிக்கப்பட்ட மருத்துவமனைகளில் அரசே ஏற்கிறது. 108-ஐ அழைப்பதும், இரத்தப்போக்கை அழுத்திப் பிடிப்பதும் ஊருக்குப் பத்துப் பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். மையித்தைக் குளிப்பாட்டத் தெரிந்தவர்கள் ஊரில் இருப்பதை பர்ளு கிஃபாயா என்கிறோம். மையித்தாகாமல் தடுக்கத் தெரிந்தவர்கள் இருப்பது அதைவிடக் குறைந்த கடமையா?

"பள்ளிவாசலில் தலைக்கவசத்தைப் பற்றியா பேசுவது?" என்று முகம் சுளிப்போருக்கு ஒரு வார்த்தை. ஜனாஸாவை எங்கே கொண்டுவருகிறோமோ, அங்கே அதைப் பற்றிப் பேசத்தான் வேண்டும். ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதகுலம் முழுவதையும் வாழவைத்தவர் போலாவார் என்ற இறைவாக்கின் கருத்தை மிம்பரில் சொல்லிவிட்டு, வாசலில் நிற்கும் பைக்குகளைப் பற்றி மௌனம் காப்பது பொருந்தாது.

அல்லாஹ் நம் பயணங்களைப் பாதுகாப்பானாக! நம்மால் பிறர் உயிருக்குத் தீங்கு நேராமல் காப்பானாக! பாதைக்குரிய உரிமையைக் கொடுத்தவர்களுடன் நம்மைச் சேர்ப்பானாக! ஆமீன்.