நாய் பேர் தெரியும், மனைவி பேர் தெரியாது

கிளமென்ட் ராக் பத்தி யார் எழுதினாலும் ரெண்டே விஷயம்தான். ஒண்ணு, பிற்பாடு ஆஸ்திரேலியாவுல புயலுக்கு ஆள் பேர் வெச்சு, பிடிக்காத அரசியல்வாதிங்களையும் அதுல இழுத்துவிட்ட மனுஷன். இன்னொண்ணு, 1881-ல ஸ்காட்லாந்தோட பென் நெவிஸ் மலையில வானிலை அளக்க தினமும் ஏறி இறங்கினவர். ஜூன்லேர்ந்து அக்டோபர் நடுவரைக்கும், 1,345 மீட்டர், மழை, குளிர், துணைக்கு ஒரு நாய். ஆஹா ஓஹோ. நானும் வாயைப் பொளந்து படிச்சவன்தான்.

ஆனா அவர் மேல பாரமானியைப் பாக்கற அதே நேரத்துல, கீழ ஃபோர்ட் வில்லியம்ல, கடல் மட்டத்துல, அவர் மனைவி லியோனோரா ரீடிங் எடுத்துக்கிட்டு இருந்தாங்க. இதை எப்படி எழுதறாங்க தெரியுமா? 'மனைவி உதவினார்.' ஒரே வரி. ஏதோ ஃபிளாஸ்க்ல காபி ஊத்திக் குடுத்த மாதிரி!

உதவியாமே? யோசிங்க மக்களே. உச்சியில வெப்பநிலை குறைஞ்சிருக்கு, அழுத்தம் குறைஞ்சிருக்கு. உயரத்தால குறைஞ்சது எவ்வளவு, அன்னிக்கு அந்த வட்டாரம் முழுக்கவே குறைஞ்சது எவ்வளவு? மேல எழுதின தாளை மட்டும் வெச்சுக்கிட்டு ஒண்ணும் சொல்ல முடியாது. அதே நேரத்துல கீழ எடுத்த எண்ணைப் பக்கத்துல வெச்சாத்தான் அந்தக் கணக்கே ஆரம்பிக்கும். கீழ ஒரு நாள் ரீடிங் தவறினா, அன்னிக்கு அவர் ஏறினது பாதி வீண்.

'வீட்டுல உக்காந்து பாக்கறதுல என்ன கஷ்டம்'னு கேப்பீங்க. ரெண்டு சர்வர் கடிகாரம் நாலு நிமிஷம் ஒத்துப்போகாம, லாக்கை வெச்சுக்கிட்டு ரெண்டு ராத்திரி முழிச்சவன் நான். ஒரே நேரம்ங்கறது எவ்வளவு பெரிய விஷயம்னு என்கிட்ட கேளுங்க.

1882-ல ஸ்காட்டிஷ் வானிலைச் சங்கம் ராக்குக்குத் தங்கப் பதக்கம் குடுத்துச்சு. 1883-ல உச்சியில ஆய்வகம் திறந்தப்போ பொறுப்பு அவருக்குக் கிடைக்கல, ராபர்ட் ஓமண்டுக்குப் போச்சு. இந்த அநியாயத்துக்குப் பத்தி பத்தியா உருகறவங்க யாரும் லியோனோராவுக்கு ரெண்டாவது வரி எழுதறதில்ல. அடுத்த தடவை ராக் பதிவு போடறவங்க தலைப்புல ரெண்டு பேரையும் போடுங்க சாமி. திட்டறதுன்னா பின்னூட்டத்துல திட்டுங்க.

டிஸ்கி: நாயோட பேர் ரென்சோ. அதை மட்டும் யாரும் மறக்காம எழுதிடறாங்க.