டி.என்.ஏ. பெயர் சொல்லாது

யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழியில் எலும்பு வெளிப்படும்போதெல்லாம் தேநீர்க் கடையிலும் மேடையிலும் ஒரே பேச்சுத்தான்: "வெளிநாட்டுக்கு அனுப்பி டி.என்.ஏ. எடுத்தால் ஆர், எவர் என்று தெரிஞ்சிடும்." நீதி கேட்பவர்களும் இதைச் சொல்கிறார்கள், காலத்தைக் கடத்த விரும்புபவர்களுக்கும் இது வசதியாக இருக்கிறது. தொலைக்காட்சித் தொடர்களில் ஒரு பல்லை இயந்திரத்துக்குள் போட்டதும் திரையில் முகம் வருகிறதே, அந்த மயக்கம் நமக்கு இன்னும் தெளியவில்லை.

டி.என்.ஏ.வில் பெயர் எழுதியிருப்பதில்லை. எலும்பில் எடுத்ததை உறவினர் ஒருவரின் மாதிரியோடு ஒப்பிட வேண்டும். அந்த மாதிரி இல்லையென்றால் ஆய்வுகூடம் தருவது ஒரு தாள் நிறைய இலக்கங்கள்தான். 1995 இல் பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிக்காவில் கொல்லப்பட்ட சுமார் 8,000 பேரில் ஏறக்குறைய 7,000 பேரை அடையாளம் கண்டார்களே என்று உதாரணம் காட்டுகிறோம். அதற்காக உறவினர்களிடம் ஆயிரக்கணக்கில் இரத்த மாதிரி திரட்டினார்கள் என்பதை மட்டும் விட்டுவிடுகிறோம்.

சரி, மாதிரியும் இருக்கிறதென்றே வைத்துக்கொள்வோம். ஒரே வீட்டில் இரண்டு ஆண்பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். நம்மூரில் இது அபூர்வமா என்ன? தாய் தகப்பனின் இரத்தம், "இது உங்கள் மகன்" என்று சொல்லும். எந்த மகன் என்று சொல்லாது. தாய்வழி டி.என்.ஏ. மட்டும் கிடைத்தால் இன்னும் மோசம். அது சகோதரர்களுக்கு மட்டுமல்ல, பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகளுக்கும் ஒன்றுதான்.

அங்கேதான் எலும்பு படிக்கத் தெரிந்தவர் வேண்டும். காறை எலும்பின் நெஞ்சுப் பக்க நுனி, உடம்பிலேயே கடைசியாகப் பொருந்தும் இடங்களில் ஒன்று. இருபதுகளின் பிற்பகுதி வரைகூட இழுக்கும். அந்த நுனி பொருந்தாமல் அலையலையாகக் கிடந்தால் பத்தொன்பது வயதுத் தம்பியாக இருக்கலாம்; முழுதாக மூடியிருந்தால் முப்பத்தைந்து வயது அண்ணன். மரத்தால் விழுந்து முறிந்து, கோணலாகப் பொருந்திய முன்கை எலும்பு இன்னொரு சாட்சி. கடைவாய்ப் பல்லில் அடைத்த சீமெந்து இன்னொன்று. எலும்பும் சாத்திரம் சொல்லாதுதான். வளர்ந்தவரின் வயதை ஒரு வீச்சாகத்தான் சொல்லும். தொடை எலும்பை அளந்து சொல்லும் உயரமும் சில சென்ரிமீற்றர் முன்பின்னாக இருக்கும். ஆனால் அண்ணனையும் தம்பியையும் பிரிக்கப் பல வேளைகளில் அது போதும்.

இந்தச் சாட்சிகளெல்லாம் குழியிலேயே அழிந்துபோகக்கூடியவை. ஆர்ஜென்ரீனாவில் இராணுவ ஆட்சி விழுந்த பிறகு, நீதவான்கள் உத்தரவிட, புல்டோசரும் மண்வெட்டியுமாகப் புதைகுழிகளைக் கிண்டினார்கள். மண்டையோடு ஒரு குவியல், கால் எலும்பு ஒரு குவியல். 1984 இல் அங்கே போன அமெரிக்க மானிடவியலாளர் கிளைட் ஸ்னோ, பல்கலைக்கழக மாணவர்கள் சிலரைச் சேர்த்து, கரண்டியும் தூரிகையும் பிடிக்கவும் மண்ணை அரிக்கவும் பழக்கினார். அரிதட்டில் மிஞ்சுவதுதான் விரல் எலும்பு, உதிர்ந்த பல், சன்னம்.

இங்கேயோ ஆய்வுகூடத்தின் தாள் வந்ததும் கதை முடிந்துவிடுகிறது. மன்னார் சதொச வளாகத்தில் 2018 இல் தொடங்கிய புதைகுழி அகழ்வில் 300க்கும் மேற்பட்ட என்புத் தொகுதிகள் வந்தன. அனுப்பியது ஆறு மாதிரி. புளோரிடா ஆய்வுகூடம் காபன் முறையில் 1404 முதல் 1635 வரையான காலம் என்றது; பத்திரிகைகள் அதோடு கதையை மூடின. ஆறு மாதிரியின் வயது முந்நூறு பேரின் வரலாறாகுமா என்று கேட்டவர்கள் ஒரு சிலர்தான்.

அங்கே உடல்கள் புதைக்கப்பட்டிருப்பதாகச் சிப்பாய் ஒருவர் நீதிமன்றத்தில் சொன்னதன் பின்னர், 1999 இல் செம்மணியில் 15 உடல்களைத் தோண்டியெடுத்தார்கள். 2025 இல் அதே செம்மணியின் சித்துப்பாத்தி மயானத்தில் 200க்கும் மேல். ஒரு நீலப் பாடசாலைப் பையும் பால் போத்தலும் வந்தன. உடுப்புகளையும் பொருட்களையும் மக்களுக்குக் காட்டினார்கள், நல்லது. ஆனால் வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. எந்தக் கை முறிந்தது? எந்தப் பல் பிடுங்கியது? செருப்பு என்ன அளவு? நடக்கும்போது சாய்வாரா? 1996 இல் பிள்ளையைப் பறிகொடுத்த நாற்பத்தைந்து வயதுத் தாய்க்கு 2025 இல் எழுபத்துநான்கு. கேட்டால் இப்பவும் சொல்வார்: இடது கை, ஆறாம் வகுப்பில், புளியமரத்தால் விழுந்தவன்.