விற்ற பின் மாறும் நிபந்தனைகள்

2009 ஜூலையில் அமேசான் நிறுவனம் தன் வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து இரண்டு நூல்களை முன்னறிவிப்பின்றி அழித்தது. ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' ஆகியவையே அவை. உரிமை பெறாத ஒருவர் அவற்றை விற்பனைக்கு ஏற்றிவிட்டார் என்பது காரணம். விலை திருப்பித் தரப்பட்டது. கண்டனம் வலுத்தபின் ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். ஆனால், படித்தபடியே குறிப்புகள் எழுதிவந்த பள்ளி மாணவர் ஒருவருக்கு அக்குறிப்புகள் பயனற்றுப் போயின. அவர் வழக்குத் தொடுத்தார்.

2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கிய நூல்களும் மறைந்தன. அங்கும் விலை திரும்பி வந்தது. குறிப்பெழுதியிருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர். ஒரு வாசகனின் ஓரக்குறிப்புகளுக்கு இடப்பட்ட மதிப்பு அவ்வளவே. 2025 பிப்ரவரியில், வாங்கிய மின்னூலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியை அமேசான் நிறுத்தியது. அவ்வசதியை நம்பி முன்பே வாங்கியவர்களுக்கும் அது இல்லாமல் போயிற்று.

நிபந்தனைகளை மாற்றும் உரிமை எங்களுக்கு உண்டென்று முன்பே எழுதியிருக்கிறோம், நீங்களும் சம்மதித்தீர்கள் என்பதே நிறுவனங்களின் வாதம். நாளை வாங்கப்போகிறவருக்குப் புதிய நிபந்தனை விதிப்பதை நாம் மறுக்கவில்லை. நேற்றே முழு விலையும் கொடுத்தவர் விஷயம் வேறு. அவர் தரவேண்டியதைத் தந்துவிட்டார். பெறவேண்டியதை மட்டும் மற்றவர் குறைத்துக்கொண்டே போகலாம் என்றால் அதற்கு ஒப்பந்தம் என்று பெயரில்லை.

கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள சட்டம், விற்பது உரிமம் மட்டுமே எனில் அதைத் தெளிவாகச் சொல்லச் சொல்கிறது. சொல்லிவிடுவதாலேயே செயல் நியாயமாகிவிடாது. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒருபடி மேலே போய், நியாயமற்ற ஒப்பந்தம் எது என்று வரையறுக்கிறது. தக்க காரணமின்றி ஒருதலையாக ஒப்பந்தத்தை முறிக்க இடம்தரும் விதியும் அவ்வரையறைக்குள் அடங்கும். ஆயினும் அத்தகைய புகாரை மாவட்ட ஆணையம் ஏற்க இயலாது. மாநில ஆணையத்துக்குப் போகவேண்டும். நூறு ரூபாய் மின்னூலுக்காக யார் போவார்?

நாம் கேட்பது அதிகமில்லை. முன்னறிவிப்பு வேண்டும். பழைய நிபந்தனையில் தொடரவோ பணத்தைத் திரும்பப் பெறவோ வாசகருக்குத் தேர்வு வேண்டும். அவருடைய குறிப்புகள் எந்நிலையிலும் அவரிடமே சேரவேண்டும். அச்சில் கிடைக்காத தமிழ் நூல்கள் பலவும் இன்று மின்னூலாகவே வாசிக்கப்படுகின்றன. ஆகவே இது நமக்கு அயலார் வழக்கு அன்று.