இசைத்தட்டும் ஓர் ஏடே

இசைத்தட்டு என்பது எழுதப்பட்ட ஓர் ஏடு. எழுத்தாணி ஓலையைக் கீறிச் சொல்லை நிறுத்தியதுபோல, வெட்டூசி மெழுகைக் கீறி ஓசையை நிறுத்திற்று. அம்மெழுகின் வழிவந்த படியே நம் கைக்குக் கிட்டிய தட்டு. ஆதலின், தமிழாசிரியனுக்குப் பாட்டுப் பெட்டியில் என்ன அலுவல் என வினவும் அன்பர்கள் சிறிது பொறுத்தருள்க.

எமது பழைய மாணவர் சிலரின் இல்லங்களில் பாட்டனார் காலத்துத் தட்டுகள் இன்றும் உள. இளைஞரிடையே இசைத்தட்டுக் கேட்கும் விருப்பம் மீண்டும் தலைகாட்டியிருப்பதால், அவற்றைத் தூசி தட்டிச் சுழலவிடுவோரும் உளர். மகிழ்ச்சியே. ஆயினும் பெட்டியில் கிடந்து அழியாத தட்டு, அறியாமையோடு கேட்கப்படுவதனால் அழிந்துவிடும் என்பது என் துணிபு.

1877இல் எடிசன் உருளையொன்றிற் சுற்றிய வெள்ளீயத் தாளில் மனிதக் குரலைப் பதித்தார். அவரது கீறல் மேலுங் கீழுமாக ஆழம் மாறிச் சென்றது. 1887இல் எமில் பேர்ளினர் கீறலைப் பக்கவாட்டில் நெளியச் செய்து, உருளையை விட்டுத் தட்டுக்கு வழிவகுத்தார். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டில் ஊசி அந்நெளிவுகளைத் தொடர்ந்து அசைகிறது. அவ்வசைவை மைக்காத் தகடு காற்றுக்கு அளிக்கிறது. குழல் அதனைப் பெருக்குகிறது. மின்சாரம் ஒரு துளியும் வேண்டியதில்லை. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிட அளவே பாடும்.

இங்கேதான் பலர் அறியாத நுட்பம் ஒன்று உண்டு. அத்தட்டு தனி அரக்காலானதன்று. அரக்கோடு கற்பொடியுங் கலந்தது. புதிய உருக்கு ஊசி முதற் சில சுற்றுகளிலேயே அப்பொடியில் உராய்ந்து, கீறலின் வடிவுக்கேற்பத் தேய்ந்து அமைந்துவிடும். பக்கத்தின் முடிவில் அதன் ஓரங்கள் உளிபோலாகிவிடும். அதே ஊசியை மறுபடி வைத்தால், 100 கிராமுக்கும் மேற்பட்ட பாரத்தோடு அது கீறலின் சுவரை அறுத்துச் செல்லும். முதலில் தட்டு ஊசியைத் தேய்த்தது. இனி ஊசி தட்டைத் தேய்க்கும். ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்று அக்காலத்தார் வகுத்தது கடைக்காரரின் ஆசையால் மட்டுமன்று.

இதனை யான் நூலிற் கற்கவில்லை. 1990இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றபின், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட பிள்ளைகளுள் யானும் ஒருவன். பாட்டனாரின் சாவி கொடுக்கும் பெட்டிக்கு அந்த வருத்தமும் இல்லை. ஊசிகளோ அருமை. கிட்டப்பாவின் தட்டொன்றை ஒரே ஊசியால் ஒரு மாதம் கேட்டேன். நாளுக்கு நாள் இரைச்சல் மிகுந்தது. தட்டுப் பழசு என்று பழித்தேன். பாட்டனார் அதனைச் சாளர வெளிச்சத்திற் பிடித்துக் காட்டினார். கறுப்பாய் மின்ன வேண்டிய தட்டு சாம்பல் பூத்திருந்தது. அவர் ஏசவில்லை; ஏசியிருந்தால் மறந்திருப்பேன்.

1948இல் வந்த நெடுந்தட்டு வைனல் என்னும் மென்பொருளால் ஆனது. நிமிடத்துக்கு முப்பத்துமூன்றேகால் அல்ல, முப்பத்துமூன்றே மூன்றிலொரு சுற்று. அதன் கீறல் மிக ஒடுங்கியது. பழைய தட்டுக்கு ஏறத்தாழ ஓரங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்கு நுனியுள்ள ஊசி வேண்டும். நெடுந்தட்டுக்கு ஒரு பங்கோ அதிலுங் குறைவோ போதும். மாற்றி வைத்தால், சிறிய ஊசி பழைய கீறலின் அடியில் விழுந்து இரைச்சலைப் பொறுக்கும். பெரிய ஊசி புதிய கீறலின் விளிம்பைச் சிதைக்கும். ஸ்டீரியோத் தட்டில் கீறலின் ஒவ்வொரு சுவரும் ஒவ்வோர் ஒலியைத் தாங்குவதால் சேதம் இருமடங்கு. இக்காலத்து நல்ல கருவியில் ஊசியின் பாரம் இரண்டு கிராம் அளவே. காந்தமுஞ் சுருளும் அதன் அசைவைச் சிறு மின்னோட்டமாக்க, பெருக்கி ஏனையவற்றைச் செய்யும்.

பாட்டெல்லாம் இணையத்தில் இருக்கிறதே என்பர் மாணவர். அங்குள்ளவையும் எவரோ ஒருவர் தட்டை முறையாக வாசித்ததனால் ஏறியவையே. எவரும் வாசியாத தட்டு அங்கே எங்ஙனம் ஏறும்? சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, கைபட்டாலே உதிரும் ஏடுகளை நொந்து எழுதினார். நோவோடு நில்லாமல் படியெடுத்து அச்சேற்றினார். நமக்கும் அதுவே வேலை.

ஆதலால் கல்லூரிக்கு என் வேண்டுகோள் சிறியது. இருவகை ஊசியும் பொருத்தத்தக்க கருவியொன்றை விஞ்ஞான ஆய்வுகூடத்தில் வைத்து, மாணவர் உருப்பெருக்கியாற் கீறலைக் கண்டு கற்கட்டும். பழைய மாணவர் தம் தட்டுகளைக் கொணரட்டும். ஒவ்வொன்றும் கணினியில் ஒருமுறை செவ்வனே பதியப்பட்டு, உரியவரிடமே மீளட்டும். கொணருமுன் மதுசாரங் கலந்த திரவத்தால் மட்டும் துடைத்துவிடாதீர்கள். அரக்கு அதிற் கரைந்துபோம். என் வீட்டுத் தட்டும் வரும். ஒரு பக்கம் யான் அறுத்தது. மறுபக்கம் அன்றுமுதல் எவரும் ஊசி வையாதது.