கணக்கில் காணாமல் போன பெண்கள்

ஜனத்தொகைக் கணக்கு சர்க்கார் உத்தியோகஸ்தர்களின் சமாசாரம், பஞ்சாலைத் தொழிலாளிக்கும் வயல்கூலிக்கும் அதில் என்ன வேலை என்று நம் தோழர்கள் பலர் கருதுகிறார்கள். இது தவறு. அந்தத் தடித்த புத்தகங்களில் அச்சாகியிருப்பது நம் குடும்பங்களின் சரித்திரமே.

வெள்ளை ஏகாதிபத்தியம் நமக்காக இந்தக் கணக்கை எடுக்கவில்லை. நாட்டை ஆள்வதற்காகவே 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை தலைகளை எண்ணியது. ஆனால் அந்த எண்களே அதற்கு எதிர்ச் சாட்சியாகிவிட்டன. இன்றைய இந்திய எல்லைக்குள் 1911-ல் 25 கோடியே 21 லட்சம் பேர் இருந்தார்கள். 1921-ல் இருந்தவர்கள் 25 கோடியே 13 லட்சம் பேர்தான்! பத்து வருஷம் பிள்ளைகள் பிறந்தும் ஜனத்தொகை குறைந்தது. 1918-ல் பரவிய இன்புளூயன்சா காய்ச்சல் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. அரை வயிற்றுக் கஞ்சி குடித்த உடம்பு அதை எப்படித் தாங்கும்?

சுதந்திரத்திற்குப் பிந்திய கணக்கு என்ன சொல்கிறது? 2001-ல் சொந்தமாகவோ குத்தகைக்கோ சாகுபடி செய்தவர்கள் 12 கோடியே 73 லட்சம். விவசாயக் கூலிகள் 10 கோடியே 68 லட்சம். 2011-ல் சாகுபடியாளர் 11 கோடியே 88 லட்சமாகக் குறைந்தனர். கூலிகள் 14 கோடியே 43 லட்சமாகப் பெருகினர். ஏர் பிடித்த குடும்பம் கூலிக்குப் போன கதையை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

ஆனாலும் எச்சரிக்கையாகப் படிக்க வேண்டும். 1961-ல் நூறு பெண்களில் சுமார் 28 பேர் உழைப்பாளிகள் என்று பதிவாயிற்று. 1971-ல் அது ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. பெண்கள் நடவையும் அறுப்பையும் விட்டுவிட்டார்களா? இல்லை. கேள்விதான் மாறியது. உன் முக்கிய வேலை எது என்று 1971-ல் கேட்டார்கள். வீட்டு வேலை என்று பதில் வந்தது. உடனே வயலில் உழைத்தவளும் உழைக்காதவள் பட்டியலில் சேர்ந்தாள். கூலியில்லாமல் சொந்த வயலில் உழைப்பதும் வேலைதான் என்று கேள்வியிலேயே எழுத 1991 வரை ஆயிற்று.

கணக்கில் இல்லாதவருக்குத் திட்டத்திலும் பங்கில்லை. 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கு எடுக்கப்படவில்லை. 2013-ம் வருஷ உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய சர்க்கார் எத்தனை பேருக்குத் தானியம் ஒதுக்குவது என்பது 2011 ஜனத்தொகையை வைத்தே நிர்ணயிக்கப்பட்டது. அதன்பின் பெருகிய வாய்களுக்கு அந்தக் கணக்கில் சோறில்லை. இந்தத் தாமதத்தால் நஷ்டப்பட்டவர்கள் முதலாளிகளல்ல, ஏழைகளே.

2027-ல் ஜாதி விவரத்துடன் கணக்கெடுப்பு நடக்கும் என்று 2025-ல் அறிவித்தார்கள். சங்கக் கிளைகள் இப்போதே சேரிகளுக்கும் தொழிலாளர் லயன்களுக்கும் சென்று எடுத்துச் சொல்ல வேண்டும். கணக்கெடுப்பவர் வாசலில் வந்து நிற்கும்போது, நடவு நட்டு, களை பறித்து, பீடி சுற்றும் பெண்ணைப் பற்றி, "வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்" என்று எந்த ஆண்மகனும் பதில் சொல்லக் கூடாது. அவள் செய்யும் வேலையை அவள் வாயாலேயே சொல்லட்டும். சொன்னதை எழுதினார்களா என்று நின்று பார்ப்போம்!